காடா துணி, ரெண்டு ரிங், ஒரு பாப்பா

பாப்பாவ கட்டிட்டு வெளிய போனா பாக்கறவங்க எல்லாரும் கேக்கறது ஒண்ணுதான், "இது எங்க வாங்குனீங்க?" வாங்கலைங்க, நானே தைச்சது. பாப்பா பொறந்ததுக்கு அப்புறம் எனக்கு புதுசா வந்த ஹாபி இதுதான், குழந்தைய உடம்போட சேர்த்து கட்டிக்கற ஸ்லிங், ராப், கேரியர் எல்லாம் வீட்டுலயே தைக்கறது. எனக்குன்னு ஒண்ணு தைச்சேன், அது பழகுனதும் வேற மாதிரி இன்னொண்ணு, அப்புறம் நாத்தனாருக்கு, எதுத்த வீட்டு அக்காவோட மருமகளுக்குன்னு போய்ட்டே இருக்கு. இப்போ எங்க வீட்டுல பீரோவ தொறந்தா சேலைய விட இதுதான் அதிகமா மடிச்சு கிடக்கு. எனக்கு தெரிஞ்சத எல்லாம் ஒரே எடத்துல எழுதி வெச்சுடலாம்னு உக்காந்திருக்கேன், பாப்பா தூங்கற நேரத்துல எழுதறதுனால கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும்.

எங்க பாப்பா கீழ படுக்க மாட்டா. தொட்டில்ல போட்டா அஞ்சு நிமிசம், பாய்ல போட்டா ரெண்டு நிமிசம், தோள்ல போட்டா மணிக்கணக்கா தூங்குவா. சாயங்காலம் அஞ்சு மணி ஆச்சுன்னா ஆரம்பிச்சுடும் அழுகை, வயிறு நெறஞ்சிருக்கும், துணி மாத்தியிருக்கும், காய்ச்சல் இல்ல, ஆனாலும் அழுவா. திருஷ்டி சுத்திப் போட்டாங்க, ஓம வாட்டர் வாங்கிட்டு வரவான்னு கேட்டாங்க, டாக்டர் கிட்ட காட்டினோம், இந்த வயசுல சில குழந்தைங்க இப்படித்தான்மா, மூணு மாசத்துல கொறஞ்சுடும்னு சொன்னாரு. அந்த சமயத்துல படிச்சதுதான், 1986ல கனடாவுல மான்ட்ரியல்ல ஹன்சிகர், பார்னு ரெண்டு டாக்டருங்க ஒரு ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. ஒரு பாதி அம்மாக்கள்ட்ட, குழந்தை அழும்போது மட்டும் தூக்காம, சும்மா இருக்கும்போதும் தினம் மூணு மணி நேரமாவது கூடுதலா தூக்கி வெச்சுக்க சொல்லியிருக்காங்க. ஆறு வார வயசுல அந்த குழந்தைங்க அழற நேரம் மத்த குழந்தைங்கள விட 43 சதவீதம் கம்மி, சாயங்காலத்துல இருந்து நடுராத்திரி வரைக்கும் பாத்தா 51 சதவீதம் கம்மி. பின்னாடி வேற இடங்கள்ல பண்ணின எல்லா ஆராய்ச்சிலயும் இதே அளவு பலன் வரல, அதையும் சொல்லிடறேன், ஆனா எங்க வீட்டுல சாயங்காலம் அஞ்சு மணிக்கு முன்னாடியே கட்டிக்கிட்டா அழுகை நல்லா கொறஞ்சுது, அது போதும் எனக்கு.

ஆனா தூக்கறதுக்கு கை வேணும்ல. எனக்கு இடது கை மணிக்கட்டு வலி வேற வந்துடுச்சு, கட்டை விரல் பக்கமா இழுக்கும், பாப்பாவ அள்ளி எடுக்கும்போதெல்லாம் உயிர் போகும். புதுசா குழந்தை பெத்தவங்க நிறைய பேருக்கு வர்றதுதானாம் அது. அதனால ஆன்லைன்ல ஒரு கேரியர் வாங்குனோம். பாக்கறதுக்கு ஸ்கூல் பேக் மாதிரி பட்டையும் பக்கிளுமா கெத்தா இருந்துச்சு. பாப்பாவ உள்ள வெச்சா ரெண்டு காலும் நேரா கீழ தொங்குது, மொத்த எடையும் தொடை நடுவுல ஒரு சின்ன பட்டை மேல நிக்குது, அவ முகத்த பாத்தாலே தெரிஞ்சுது அவளுக்கு அது பிடிக்கலன்னு. எங்க அமுச்சி (பாட்டி) பாத்துட்டு ஒரே வார்த்தைதான் சொன்னாங்க, "புள்ளைய இப்படி தொங்க விடாத சாமி, இடுப்புல உக்கார வெக்கற மாதிரி வை."

அமுச்சி சொன்னதுதான் இன்னிக்கு எலும்பு டாக்டருங்களும் சொல்றாங்க. நம்ம ஊர்ல இடுப்புல குழந்தைய உக்கார வெச்சா கால் ரெண்டும் விரிஞ்சு, முட்டி ரெண்டும் உக்கார்ற எடத்த விட கொஞ்சம் மேல தூக்கி நிக்கும், எம் எழுத்து மாதிரி. பொறந்த புதுசுல இடுப்பு மூட்டு குழி இன்னும் முழுசா கெட்டிப்படாம இருக்கும், அந்த பந்து குழிக்குள்ள நல்லா பொருந்தி உக்காந்தாதான் குழி சரியா வளரும். கால நேரா நீட்டி இறுக்கி சுத்தி வெக்கற வழக்கம் இருக்கற ஊர்கள்ல இடுப்பு நழுவற பிரச்சனை அதிகம், கால விரிச்சு முதுகுல இடுப்புல தூக்கற ஆப்பிரிக்கா மாதிரி இடங்கள்ல ரொம்ப கம்மி. ஜப்பான்ல 1975 வாக்குல குழந்தை கால நீட்டி கட்டாதீங்கன்னு நாடு பூரா சொல்லிக் குடுத்ததுக்கு அப்புறம் அங்கயும் அந்த பிரச்சனை ரொம்பவே கொறஞ்சு போச்சு. இத எல்லாம் தெரிஞ்சுக்கிட்டதும் வாங்குனத மடிச்சு மேல வெச்சுட்டேன், நாமளே தைப்போம்னு தோணுச்சு.

தோணுனதுக்கு காரணம் எங்க அம்மா. அம்மா திருப்பூர் பனியன் கம்பெனில சிங்கர் மெஷின்ல தைக்கற டெய்லரா இருந்தவங்க, கைமடியா, அதாவது கூடமாட உதவற ஆளா சேந்து, பிசிறு வெட்டி, ஆளு இல்லாத நேரத்துல மெஷின்ல உக்காந்து பழகி டெய்லர் ஆனவங்க. இப்பவும் வீட்டுல மோட்டார் போட்ட மெஷின் இருக்கு. எனக்கு சின்ன வயசுல நேர் தையல், ஓரம் மடிக்கறது அளவுக்குத்தான் தெரியும். ஸ்லிங் தைக்கணும்னு சொன்னதும் அம்மா டிசைன பத்தி எதுவும் கேக்கல. "லோடு எங்க விழுது?" இதுதான் கேட்டாங்க. கம்பெனில ஸ்கூல் பேக் ஆர்டர் வந்தப்ப கத்துக்கிட்டதாம். "துணி சும்மா கிழியாது கண்ணு, நூலும் சும்மா அறாது, ஊசி ஓட்டை போட்ட எடத்துலதான் கிழியும், அதனால எங்க இழுக்குதோ அந்த எடத்த பாத்து தை." நான் இதுவரைக்கும் தைச்ச அத்தனைக்கும் இதுதான் அடிப்படை.

துணி விஷயத்துல நாம குடுத்து வெச்சவங்க. இந்தப் பக்கம் பல்லடம், சோமனூர்ல விசைத்தறில ஓடற காடா துணி, அந்தப் பக்கம் சென்னிமலை கைத்தறி பெட்சீட், நடுவுல திருப்பூர் பின்னல் துணி, அதாவது பனியன் துணி. வெளிநாட்டுல ஸ்லிங் தைக்கறவங்க தேடித்தேடி வாங்கற மாதிரியான துணி நமக்கு பஸ் ஏறுனா கிடைக்குது. ரிங் ஸ்லிங்குக்கு எனக்கு பிடிச்சது கொஞ்சம் கனமான காடா துணிதான், ப்ளீச் பண்ணாத பழுப்பு நிறத்துல இருக்குமே அது. வாங்கறப்ப ஒரு மூலைய பிடிச்சு கோணமா இழுத்துப் பாருங்க. நேரா இழுத்தா நீளக் கூடாது, கோணமா இழுத்தா லேசா குடுக்கணும். அந்த கோண இழுவைதான் குழந்தையோட முதுகு வளைவுக்கு ஏத்த மாதிரி துணிய உக்கார வெக்கும். வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சு இழை எங்கயாவது விட்டிருக்கா, முடிச்சு இருக்கான்னும் பாத்துக்கணும், தறில நூல் அறுந்து போட்ட முடிச்சு தோள்ல வர்ற எடத்துல இருந்தா அந்த பகுதிய விட்டுட்டு வெட்டிக்கலாம்.

காடா துணில சைசிங் கஞ்சி இருக்கும், வாங்கிட்டு வந்ததும் அட்டை மாதிரி வெரைப்பா நிக்கும். ராத்திரி பூரா தண்ணில ஊற வெச்சு, சுடு தண்ணில ரெண்டு மூணு தடவை அலசி, வெயில்ல காய வெச்சு எடுத்தா அதே துணி மெதுமெதுன்னு ஆயிடும், நல்லாவே சுருங்கவும் செய்யும். அதனால அளவு எடுக்கறது, வெட்டறது எல்லாம் துவைச்சதுக்கு அப்புறம்தான். பழைய காட்டன் சேலைல தைக்கலாமான்னு எல்லாரும் கேக்கறாங்க. சேலை அஞ்சரை மீட்டர் நீளம் இருக்கறதுனால ஆசையாத்தான் இருக்கும், ஆனா கட்டிக் கட்டி நைஞ்ச சேலைய நான் எடுக்க மாட்டேன், மெல்லிசு துணி தோள்ல கயிறு மாதிரி சுருண்டு அறுக்கும், நைஞ்ச எடம் கண்ணுக்கு தெரியாது. அமுச்சி சேலைன்னு ஞாபகத்துக்கு வேணும்னா ஸ்லிங்கோட வால் பக்கத்துல, அதாவது கட்டினதுக்கு அப்புறம் மிச்சமா தொங்கற முனைல ஒரு பாக்கெட்டா தைச்சுக்கோங்க, எடை தாங்கற எடத்துல வேண்டாம்.

ரிங் ஸ்லிங் ரொம்ப எளிமையானது. ரெண்டு மீட்டர் நீளம், முப்பது இஞ்ச் அகலம், நாலு பக்கமும் ஓரம் மடிச்சு தைச்ச ஒரு துணி, ஒரு முனைல ரெண்டு ரிங், இன்னொரு முனைய அந்த ரிங்ல கோர்த்து இழுத்து இறுக்கிக்கணும். 1981ல ஹவாய்ல ரெய்னர் கார்னர்னு ஒருத்தர் தன் குழந்தைக்காக கண்டுபிடிச்சதாம். அகல முனைய விசிறி மடிப்பா மடிச்சு, ரெண்டு ரிங்குக்குள்ளயும் விட்டு, ஒரு சாண் அளவுக்கு திருப்பி மடிச்சு, அரை இஞ்ச் இடைவெளில மூணு வரிசை தையல். இந்த மூணு வரிசைதான் குழந்தைய தாங்குது. இங்க நூல் முக்கியம், காட்டன் நூல் வேணாம், வேர்வையும் வெயிலும் பட்டு சீக்கிரம் மக்கிடும், நல்ல ஸ்பன் பாலியெஸ்டர் நூல் போடுங்க. ஊசி 16 இல்லன்னா 18ம் நம்பர், அதுக்கு கம்மியா போட்டா மடிப்பு மேல ஏறும்போது ஒடையும். தையல் இஞ்சுக்கு எட்டுல இருந்து பத்து இருந்தா சரியா இருக்கும். நெருக்கமா அடிச்சா ஸ்ட்ராங்கா இருக்கும்னு நிறைய பேரு நெனைக்கறாங்க, அப்படி இல்ல, நெருக்கமா அடிச்சா துணி முழுக்க ஓட்டை விழுந்து ஸ்டாம்ப் கிழிக்கற மாதிரி அந்த கோட்டோட கிழிஞ்சு வரும்.

ரிங் மட்டும் தயவு செஞ்சு கண்டதையும் வாங்காதீங்க. திருப்பூர் காதர்பேட்டை பக்கத்துல அக்சஸரீஸ் கடைல பேக்குக்கு போடற ரிங், பெல்ட் ரிங் எல்லாம் தட்டு தட்டா கிடக்கும், பளபளன்னு இருக்கும், பூராவும் கம்பிய வளைச்சு வெல்டிங்ல பத்த வெச்சது. அந்த பத்த வெச்ச எடம் எப்ப வேணாலும் விடலாம், விடலன்னாலும் அந்த சொரசொரப்பு துணிய கொஞ்சம் கொஞ்சமா அறுக்கும். ஸ்லிங்குக்குன்னே எடை வெச்சு டெஸ்ட் பண்ணின, ஜாயிண்ட்டே இல்லாத அலுமினிய ரிங் ஆன்லைன்ல கிடைக்குது, உள் விட்டம் மூணு இஞ்ச் இருக்கறத வாங்குங்க, கனமான துணி அதுலதான் சுலபமா ஓடும். வந்ததும் கொஞ்சம் பஞ்ச எடுத்து ரிங்க சுத்தி தேய்ச்சுப் பாருங்க, எங்கயாவது ஒரு இழை பஞ்சு மாட்டுச்சுன்னா அத திருப்பி அனுப்பிடணும். மொத்த ஸ்லிங்லயும் காசு செலவு பண்ண வேண்டிய எடம் இது ஒண்ணுதான்.

தைச்சு முடிச்சதும் நேரா குழந்தைய வெக்கறதில்ல எங்க வீட்டுல. பத்து கிலோ அரிசி மூட்டைய எடுத்து ஸ்லிங்ல போட்டு, நான் ஒரு சுத்து வீடு பூரா நடப்பேன், லேசா குதிப்பேன், குனிவேன், அப்புறம் கதவு மேல இருக்கற இரும்பு கொக்கில ஒரு ராத்திரி தொங்க விட்டுடுவோம். காலைல எடுத்து தையல் ஓரத்த விரல்ல நீவி பாக்கணும், ஊசி ஓட்டை எதாவது நீளமா இழுத்திருக்கா, நூல் எங்கயாவது தளர்ந்திருக்கான்னு. அம்மா பூதக்கண்ணாடி போட்டுட்டு செக்கிங் டேபிள்ல உக்காந்த மாதிரி பாப்பாங்க. அம்மா ஓகே சொல்லாம ஒண்ணு கூட வெளிய போனதில்ல.

இதுக்கு அடுத்து தைச்சது ராப், ரிங்கே இல்லாம ஒரே நீளத் துணிய உடம்புல சுத்தி கட்டறது. பச்சக் குழந்தைக்கு பின்னல் துணி ராப் மாதிரி சுகமானது வேற எதுவும் இல்ல. காதர்பேட்டைல எக்ஸ்போர்ட் மிச்சத் துணி கிலோ கணக்குல கிடைக்கும்ல, அங்க போய் இருநூறு ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி இருநூறு கிராம்) காட்டன் சிங்கிள் ஜெர்சி, அதாவது டீசர்ட் துணி கேளுங்க, அறுபது இஞ்ச் அகலத்துல. அஞ்சு மீட்டர் எடுத்தா ஒண்ணரை கிலோ வரும், அத நீளவாக்குல இருபது இருபது இஞ்சா மூணா வெட்டுனா மூணு ராப். ஓரம் அடிக்கவே தேவையில்ல, பின்னல் துணி பிரியாது, ஓரம் லேசா சுருண்டுக்கும் அவ்வளவுதான். நடுப்பகுதி எதுன்னு தெரியறதுக்கு ஒரு சின்ன லேபிள் மட்டும் தைச்சு வெச்சா கட்டறப்ப சுலபம். இவ்வளவு நீளத் துணிய பாத்து பயப்பட வேண்டாம், சேலை கட்டத் தெரிஞ்சவங்களுக்கு இது ஒரு விஷயமே இல்ல, கண்ணாடி முன்னாடி நின்னு ஒரு வாரம் கட்டிப் பாத்தா கை தானா போகும். ஒண்ணே ஒண்ணு, நீளற துணி ராப்ல குழந்தைய முன்னாடி மட்டும்தான் கட்டணும், குழந்தை மேல மூணு அடுக்கு துணி வரணும், முதுகுல கட்டவே கூடாது, நிமிந்து எம்பினா துணி குடுத்துடும். ஏழு எட்டு கிலோ தாண்டினா துணி தொங்க ஆரம்பிக்கும், அப்ப நீளாத தறித் துணிக்கு மாறிடணும்.

முதுகுல கட்டறதுக்கு நான் தைச்சது மெய் டாய், சீனாவுல ரொம்ப காலமா இருக்கற மாதிரி. நடுவுல ஒரு செவ்வகத் துணி, நாலு மூலைலயும் நாலு பட்டை, கீழ ரெண்டு இடுப்புல, மேல ரெண்டு தோள் வழியா வந்து சுத்தி கட்டணும். சென்னிமலை பெட்சீட் துணி இதுக்கு அவ்வளவு பொருத்தம், கெட்டியா இருக்கும், வேர்வைய உறிஞ்சும், கட்டம் போட்ட கலர் எல்லாம் பாக்க கொள்ளை அழகு. பட்டை நடுத்துணிக்குள்ள குறைஞ்சது மூணு இஞ்ச் உள்ள போகணும், அங்க சதுரமா தைச்சு, நடுவுல குறுக்க எக்ஸ் மாதிரி ரெண்டு கோடு. பேக் வார்ல பாத்திருப்பீங்க அந்த தையல். குழந்தை தலை நல்லா நின்னு, தானா உக்கார ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான் முதுகுல கட்டினேன், அதுக்கு முன்னாடி முகம் கண்ணுக்கு தெரியாத எடத்துல வெக்க எனக்கு மனசு வரல.

முகம் தெரியறது பத்தி கொஞ்சம் அழுத்தி சொல்லணும், அழகா போட்டோ போடறவங்க நிறைய பேரு இத சொல்றதே இல்ல. 2010 மார்ச்ல அமெரிக்காவுல நுகர்வோர் பாதுகாப்பு கமிஷன் ஒரு எச்சரிக்கை விட்டாங்க, இருபது வருசத்துல ஸ்லிங்ல குறைஞ்சது 14 குழந்தைங்க இறந்திருக்கறதா, அதுல 12 பேரு நாலு மாசத்துக்கும் கம்மியானவங்க. படிச்சப்ப கை நடுங்கிடுச்சு எனக்கு. காரணம் ரெண்டு. ஒண்ணு, மூக்கும் வாயும் துணில இல்லன்னா அம்மா மேல அழுந்தி மூச்சு முட்டறது. இன்னொண்ணு, பை மாதிரி ஆழமான ஸ்லிங்ல குழந்தை சுருண்டு படுத்து தாடை நெஞ்சுல போய் முட்டிக்கறது, அந்த நிலைல மூச்சுக்குழாய் மடங்கிடும், கழுத்துல பலம் இல்லாத குழந்தையால அழக்கூட முடியாது, சத்தமே வராது. அதனால குழந்தைய படுக்க வெச்சு தூக்கற ஸ்லிங் நான் தைச்சு குடுக்க மாட்டேன், எவ்வளவு கேட்டாலும். நிமிந்த மாதிரி, நெஞ்சோட நெஞ்சா, குனிஞ்சா உச்சந்தலைல முத்தம் குடுக்கற உயரத்துல, முகம் எப்பவும் கண்ணுக்கு தெரியற மாதிரி, துணி இறுக்கமா, தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவுல ஒரு விரல் நுழையற இடைவெளியோட இருக்கணும். குறை மாசத்துல பொறந்த குழந்தை, எடை கம்மியான குழந்தை, சளி இருக்கற குழந்தைன்னா டாக்டர கேக்காம கட்டவே கட்டாதீங்க. சிசேரியன் ஆனவங்களும் எப்ப கட்டலாம்னு கேட்டுக்கோங்க.

டாக்டர் சொல்லி கட்டறது வேற விஷயம், அது பெரிய மருந்து. என் கூட படிச்சவளுக்கு குறை மாசத்துல குழந்தை பொறந்து ஆஸ்பத்திரில நர்ஸம்மா கங்காரு முறைன்னு சொல்லி வெறும் நெஞ்சுல குழந்தைய வெச்சு துணியால சுத்திக் கட்ட சொல்லிக் குடுத்தாங்க. இது 1978ல கொலம்பியாவுல பொகோட்டா ஆஸ்பத்திரில எட்கர் ரே சனாப்ரியான்னு ஒரு டாக்டர் ஆரம்பிச்சது, அங்க இன்குபேட்டர் பத்தல, ஒரே பெட்டில ரெண்டு மூணு குழந்தைன்னு வெச்சு தொத்து பரவிச்சு, அதனால அம்மா உடம்பு சூட்டையே நம்பினாங்க. 2021ல இந்தியாவும் சேர்த்து அஞ்சு நாட்டுல பண்ணின ஆய்வுல, எடை ரொம்ப கம்மியா பொறந்த குழந்தைங்கள உடனேயே இப்படி நெஞ்சுல வெச்சா முதல் மாசத்து சாவு 25 சதவீதம் கொறையுதுன்னு வந்துச்சு. அடுத்த வருசமே உலக சுகாதார நிறுவனம் பொறந்ததும் ஆரம்பிக்கணும்னு சொல்லிடுச்சு. அவளுக்கு நான் மெல்லிசு பின்னல் துணில ஒரு கட்டு தைச்சு, அவ டாக்டர்ட்ட காட்டி சரின்னு சொன்னதுக்கு அப்புறம் குடுத்தேன். அவ வீட்டுக்காரரும் அதே துணில கட்டிக்கிட்டு உக்காந்திருப்பாரு, ராத்திரி ஷிப்ட் அவருதான்.

வெளிநாட்டு ஃபேஷன்னு சொல்றவங்களும் இருக்காங்க. அமுச்சிகிட்ட கேட்டுப் பாருங்கன்னு சொல்லுவேன். மஞ்சக் காட்டுல வேலை செய்யறப்ப வேப்பமரத்துல தூளி கட்டி புள்ளைய போட்டுட்டு களை வெட்டுவாங்களாம், எறும்பு அதிகமா இருக்கற நாள்ல சீலைத்துணிய தோள்ல இருந்து குறுக்க கட்டி இடுப்புல வெச்சுக்குவாங்களாம். பஸ் ஸ்டாண்ட்ல பாசிமணி விக்கற நரிக்குறவர் அக்கா ஒருத்தங்க குழந்தைய கட்டியிருந்தத நான் பக்கத்துல உக்காந்து நல்லா பாத்தேன். முடிச்சு தோள் உச்சில இல்லாம கொஞ்சம் முன்னாடி இறக்கி போட்டிருந்தாங்க, துணி முதுகுல நல்லா பரந்து விரிஞ்சிருந்துச்சு. கேட்டப்ப, "மேல போட்டா எலும்புல குத்தும் பாப்பா, பின்னாடி துணிய விரிச்சு விடு, பாரம் தெரியாது"ன்னு சொல்லி எனக்கே கட்டிக் காட்டினாங்க. ரிங் எங்க நிக்கணும், துணி எப்படி பரவணும்னு அன்னிக்குத்தான் எனக்கு புரிஞ்சுது. வெளிநாட்டு கதையும் இப்படித்தான் ஆரம்பிச்சிருக்கு. ஆன் மூர்னு ஒரு அமெரிக்க நர்ஸ் அறுபதுகள்ல ஆப்பிரிக்காவுல டோகோவுல வேலை பாத்தாங்க, அங்க அம்மாக்கள் முதுகுல துணியால குழந்தைய கட்டியிருக்கறத பாத்துட்டு ஊருக்கு போய், தன் குழந்தைக்காக தன் அம்மாவோட சேர்ந்து ஒண்ணு தைச்சாங்க, 1969ல பேட்டன்ட் வாங்கினாங்க. அம்மாவும் மகளும் மெஷின் முன்னாடி உக்காந்து தைச்சத படிச்சப்ப எனக்கு எங்க வீட்டு திண்ணைதான் கண்ணு முன்னாடி வந்துச்சு. ஆனா பேட்டன்ட்ல டோகோ அம்மாக்கள் பேரு இல்லையேன்னும் இருந்துச்சு.

எங்க வீட்டுக்காரரும் கட்டுவாரு. சாயங்காலம் வந்து குளிச்சுட்டு ரிங் ஸ்லிங்ல பாப்பாவ போட்டுட்டு மளிகைக் கடை வரைக்கும் நடந்துட்டு வருவாரு. முதல்ல அத்தைக்கு சங்கடமா இருந்துச்சு, தெருவுல என்ன சொல்லுவாங்களோன்னு. இப்ப அத்தையே "ஏப்பா, துணி முதுகுல சுருண்டிருக்கு பாரு"ன்னு சரி பண்ணி விடறாங்க. ரிங் ஸ்லிங்ல இது ஒரு நல்ல விஷயம், ஒரே ஸ்லிங்க யாரு வேணாலும் அவங்க உடம்புக்கு இழுத்து அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்.

ரெண்டு எடத்துல மட்டும் வேண்டவே வேண்டாம். ஒண்ணு அடுப்பு, தாளிக்கறப்ப எண்ணெய் தெறிக்கற உயரத்துலதான் குழந்தை கால் இருக்கும். இன்னொண்ணு வண்டி. ஸ்கூட்டில முன்னாடி ஸ்லிங்ல குழந்தைய கட்டிட்டு போறத நம்ம ரோட்டுல தினம் பாக்கறேன், வயிறு பகீர்னு ஆகுது. பிரேக் போட்டா உங்க மொத்த எடையும் குழந்தை மேல வரும். 2023 பிப்ரவரில இருந்து நாலு வயசுக்கு கீழ இருக்கற குழந்தைங்கள வண்டில கூட்டிட்டு போகணும்னா சேஃப்டி ஹார்னஸ் (குழந்தைய ஓட்டறவங்களோட சேர்த்து மாட்டற பெல்ட்), ஒன்பது மாசத்துக்கு மேலன்னா ஹெல்மெட், நாப்பது கிலோமீட்டருக்கு மேல போகக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. ஸ்லிங் ஹார்னஸ் கிடையாது. நான் தைச்சு குடுக்கறவங்ககிட்ட முதல்லயே சத்தியம் வாங்காத குறையா இத சொல்லித்தான் குடுக்கறேன்.

பணத்துக்கு தைச்சு குடுங்கன்னு கேக்கறாங்க. இப்போதைக்கு தெரிஞ்சவங்களுக்கு மட்டும் துணி காசும் ரிங் காசும் வாங்கிட்டு தைக்கறேன், நேர்ல வந்து கட்டிப் பழகணும்ங்கற கண்டிஷனோட. கூரியர்ல அனுப்ப மனசு இல்ல, எப்படி கட்டுவாங்கன்னு பாக்காம அனுப்புனா எனக்கு ராத்திரி தூக்கம் வராது. எனக்கு இதுல கிடைக்கறது வேற. குழந்தை பெத்ததுக்கு அப்புறம் எந்த வேலையும் முடியறதே இல்லைங்க, பால் குடுத்தா திரும்ப பசிக்கும், துவைச்சா திரும்ப நனையும், நாள் பூரா ஓடிட்டு ராத்திரி படுக்கறப்ப இன்னிக்கு என்ன செஞ்சோம்னு கேட்டா ஒண்ணும் தோணாது, அழுகையா வரும். பாப்பா தூங்கற அரை மணி நேரத்துல ஒரு ஓரம் மடிச்சு அடிச்சா, அது அடிச்சது அடிச்சதுதான். மறுநாள் எடுத்தாலும் அது அப்படியே இருக்கும். அந்த மாசங்கள்ல என்ன தூக்கி நிறுத்தினது அதுதான், இப்படி இருக்கற புது அம்மா யாராவது படிச்சா, தையலோ எதோ, முடியற வேலை ஒண்ண கைல வெச்சுக்கோங்க, அதோட டாக்டர்கிட்டயும் மனசு விட்டு பேசுங்க.

இப்ப மெஷின்ல இருக்கறது என் தங்கச்சிக்கு. அவளுக்கு ஏழாம் மாசம், வளைகாப்புக்கு ரிங் ஸ்லிங்தான் வேணும்னு சொல்லிட்டா, அதுவும் மாம்பழ மஞ்சள்ல. குழந்தை பல் முளைக்கறப்ப ஸ்லிங் ஓரத்த கடிச்சு ஊறிட்டே இருக்கும், அதனால சாயம் விஷயத்துல நான் ரொம்ப பாப்பேன். திருப்பூர்க்காரங்களுக்கு சாயத்த பத்தி யாரும் சொல்லித் தர வேண்டாம், நொய்யல் ஆறு எந்தக் கலர்ல ஓடுச்சுன்னு பாத்து வளந்தவங்க நாங்க, 2011ல ஹைகோர்ட் சாயப்பட்டறைகள மூடச் சொன்னப்ப அம்மா கம்பெனிலயும் வேலை கொறஞ்சு போச்சு. எக்ஸ்போர்ட்டுக்கு குழந்தைங்க துணி பண்ற கம்பெனிங்கள்ல ஓகோடெக்ஸ் சர்டிபிகேட் (கெடுதலான கெமிக்கல் இல்லன்னு டெஸ்ட் பண்ணி குடுக்கறது) இருக்கற துணி மிஞ்சும், அதுல மஞ்சள் கிடைக்குதான்னு அம்மா அவங்க பழைய சூப்பர்வைசர்கிட்ட சொல்லி வெச்சிருக்காங்க, ஆனா அது தறித் துணியா வேணும், திருப்பூர்ல பெரும்பாலும் பின்னல்தான். கிடைக்கலன்னா சென்னிமலைக்கு ஒரு நடை போயிட்டு வரணும், அதுவும் இல்லன்னா காடா துணியே போதும்னு தங்கச்சிய சம்மதிக்க வெக்கணும். ரிங் வந்துடுச்சு, பஞ்சு வெச்சு தேய்ச்சும் பாத்தாச்சு, ஒரு இழை கூட மாட்டல.